மாசம் பத்தாயிரம், இருபத்தி நாலு மாசம்

போன வாரம் பேங்க்ல இருந்து நோ டியூ சர்டிபிகேட் வந்து சேந்துச்சு. ஒரே பக்கம். என் பேரு, லோன் நம்பர், கார்டு நம்பர்ல கடைசி நாலு இலக்கம், இதுக்கு மேல இவர் எங்களுக்குத் தர வேண்டியது எதுவும் இல்லைன்னு ரெண்டு வரி, கீழ ரப்பர் ஸ்டாம்ப்பு. வீட்டம்மா கைல குடுத்தேன், அவ நின்னபடியே படிச்சுட்டு ஒண்ணும் பேசல, மகளோட பொறப்பு சர்டிபிகேட் வச்சிருக்கிற பைல்ல அதையும் வச்சுட்டு வந்து சோத்தைப் போட்டா. எனக்குத்தான் தொண்டையில எறங்கல.

இதை எழுதணும்னு ரெண்டு வருஷமா நெனச்சிட்டு இருந்தேங்க. முழுசா முடியறதுக்கு முன்னாடி எழுத மனசு வரல. திருப்பூர்ல எங்க லைன் வீட்டுலயே கார்டு, லோன், ஆப்னு மாட்டிக்கிட்டவங்க எத்தனையோ பேரு இருக்காங்க, போன் அடிச்சா ஸ்கிரீனைத் திருப்பி வச்சுட்டு வேற பக்கம் பாக்கறாங்க, அதைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடுது. என் கடன் முடிஞ்சது லோக் அதாலத்துல, அதாவது ரெண்டு பக்கமும் பேசித் தீத்துக்கற மக்கள் நீதிமன்றத்துல. அது ஆக்சிடென்ட் கேசுக்கும் செக் கேசுக்கும் மட்டுந்தான்னு அவங்க நெனைக்கறாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன்.

எனக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான். 2021 மார்ச்ல அப்பாவுக்கு திடீர்னு நெஞ்சு வலி, ராத்திரி ஒண்ணரை மணிக்கு எது பக்கத்துல இருக்கோ அந்த பிரைவேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம், பர்சனல் லோன் 4 லட்சம் போட்டேன், 16 சதவீதம் வட்டி, 48 மாசம், மாசம் 11,336 ரூபாய். அப்ப நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், 38,000 சம்பளம், கட்டிடலாம்னு தைரியம் இருந்துச்சு, கட்டவும் செஞ்சேன், வரிசையா 20 டியூ ஒண்ணுகூட தவறல. 2022ல நூல் விலை தாறுமாறா ஏறுச்சு, அப்புறம் வெளிநாட்டு ஆர்டரும் கொறஞ்சுபோச்சு, திருப்பூர்ல இருக்கறவங்களுக்கு அந்த வருஷத்தைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. எங்க கம்பெனி மொதல்ல பாதிச் சம்பளம்னுச்சு, தீபாவளிக்கு முன்னாடி மூடிட்டாங்க. வேற எடத்துல 24,000க்கு சேந்தேன்.

நடுவுல இருந்த அந்த மாசங்கள்ல சோறு போட்டது கிரெடிட் கார்டுதான். மளிகை, ஸ்கூல் பீஸ், மருந்து எல்லாம் கார்டு. ஒரு கார்டுல 1,42,000, இன்னொண்ணுல 88,000. ரெண்டுலயும் மினிமம் டியூ மட்டும் கட்டிட்டே வந்தேன், ஏதோ கடன் அடைஞ்சிட்டு வர்ற மாதிரி ஒரு நெனப்பு.

இந்த ஒரு கணக்கை மட்டும் நிதானமா படிங்க. 1,42,000க்கு 5 சதவீதம் மினிமம் டியூ, அதாவது 7,100 ரூபாய். கார்டு வட்டி மாசம் மூணரை சதவீதம், அது 4,970 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 895 ரூபாய். ஆக நான் கட்டுன 7,100ல வட்டிக்கும் வரிக்குமே 5,865 போயிடுது, அசல்ல கழிஞ்சது வெறும் 1,235 ரூபாய். அந்த மாசம் மறுபடியும் ரெண்டாயிரத்துக்கு மளிகை வாங்குனா கடன் ஏறத்தான் செய்யும். நம்ம ஊர்ல வட்டிக் கணக்கு பேசறப்ப ரெண்டு வட்டி, மூணு வட்டினுதான் பேசுவோம், நூத்துக்கு மாசம் எத்தனை ரூபாய்னு. மூணரை வட்டிக்கு வாங்கறியாடான்னு யாராவது கேட்டிருந்தா எங்கப்பா அவரை வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டாரு. அதே மூணரை வட்டியை நான் டவுன்ஹால் பக்கத்து ஜவுளிக்கடையில தேச்சுட்டு சந்தோஷமா பையைத் தூக்கிட்டு வந்திருக்கேன், பில்லுல 3.5ன்னு பொடி எழுத்துல இருக்கறதால அது வட்டியாவே தெரியல.

அப்புறம் ரொட்டேஷன். ஒரு கார்டை தெரிஞ்ச கடையில தேச்சு ரெண்டு மூணு சதவீதம் கமிஷன் குடுத்துட்டு ரொக்கமா வாங்கி இன்னொரு கார்டுக்குக் கட்டறது. ஆறு மாசம் ஓடுச்சு. ஒரு தடவை லோன் ஆப்ல 8,000 வாங்குனேன், கைக்கு வந்தது 5,400, ஏழாவது நாள் 8,000 கட்டணும், அதை மச்சான்கிட்ட பொய் சொல்லி வாங்கி முடிச்சேன், அதைப் பத்தி அதிகம் எழுத எனக்குத் தெம்பு இல்ல. ஆப் மட்டும் வேண்டாங்க, தயவு செஞ்சு.

2022 டிசம்பர்ல மொத்தமா நின்னு போச்சு. டியூ தேதிக்கு அக்கவுண்ட்ல பணம் இல்லாம ஒவ்வொரு தடவை திரும்பறப்பவும் 590 ரூபாய் தனியா ஏறுச்சு. போன் ஆரம்பிச்சுது. காலைல ஆறரைக்கே வரும். ஒரு நாளைக்கு முப்பது நாப்பது. என் நம்பரை எடுக்கலைன்னா அப்பாவுக்கு அடிப்பாங்க, நெஞ்சு ஆபரேஷன் பண்ணுன மனுஷனுக்கு. ஒரு நாள் ரெண்டு பேரு வீட்டு முன்னாடி வண்டிய நிறுத்திட்டு, தெருவுல இருக்கற எல்லாருக்கும் கேக்கற மாதிரி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, என் மக அப்ப நாலாவது படிச்சிட்டு இருந்தா, ஜன்னலைச் சாத்திட்டு வந்து "அப்பா நீங்க உள்ள இருங்க, நான் இல்லைன்னு சொல்றேன்"னு சொன்னா. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

அப்ப எனக்குத் தெரியாத ஒண்ணை இப்ப சொல்றேன். ரிசர்வ் பேங்க் 2022 ஆகஸ்ட்லயே தெளிவா சொல்லியிருக்கு, காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் வசூல் ஏஜென்ட் கூப்பிடக்கூடாது, மெரட்டக்கூடாது, சொந்தக்காரங்ககிட்டயோ சிநேகிதங்ககிட்டயோ சொல்லி அசிங்கப்படுத்தக்கூடாதுன்னு. பேங்குக்கு எழுத்துல கம்ப்ளைன்ட் குடுத்து 30 நாள்ல சரியான பதில் வரலைன்னா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேனுக்கு (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கறவரு) போகலாம், காசு கெடையாது. எந்தத் தேதி, எந்த நேரம், எந்த நம்பர்னு எழுதி வச்சிருந்தா போதும். நான் எழுதி வைக்காம நம்பரை பிளாக் பண்றதுலயே காலத்தை ஓட்டிட்டேன்.

இந்த நெலமையில யாரோ சொன்னாங்கன்னு ஒரு செட்டில்மென்ட் கம்பெனியைப் புடிச்சேன். உங்க கடனைப் பாதியா கொறைச்சுத் தரோம், பேங்க்கிட்ட நீங்க பேசவே வேண்டாம், எங்க வக்கீல் பாத்துப்பாருன்னு சொல்லி 15,000 வாங்குனாங்க. மூணு மாசத்துல அவங்க செஞ்ச ஒரே வேலை பேங்குக்கு ஒரு மெயில் போட்டது. அதுக்குள்ள வட்டி ஏறுனது தனிக் கதை. பின்னாடி நான் பைசா செலவில்லாம செஞ்ச வேலைக்குத்தான் அவங்க 15,000 வாங்குனாங்கங்கறது இன்னைக்கும் மனசை அறுக்குது.

மஞ்சக் கடுதாசி குடுத்துடலாமான்னுகூட யோசிச்சேன். பனியன் ஏவாரத்துல அடிபட்டு ஐபி (திவால் மனு) குடுத்தவங்களை இங்க நெறைய பாத்திருக்கோம்ல. அதையும் பின்னாடி ஒரு வக்கீலம்மாகிட்ட கேட்டேன். அது 1920ல வந்த சட்டம், கோர்ட்டுல மனு போடணும், நம்மகிட்ட இருக்கற சொத்து கோர்ட்டு போடற ரிசீவர் கைக்குப் போகும், வருஷக்கணக்கா இழுக்கும், 2016ல புதுசா வந்த திவால் சட்டத்துல தனி ஆளுகளுக்குன்னு ஒரு பகுதி எழுதியிருக்காங்க, ஆனா நம்மள மாதிரி சம்பளக்காரங்களுக்கு அதை இன்னும் அமலுக்குக் கொண்டு வரலைன்னாங்க. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டுந்தான் நடைமுறையில இருக்காம். மாசச் சம்பளக்காரனுக்கு இந்த நாட்டுல கடனை ஒழுங்குபடுத்திக் கட்டறதுக்குன்னு ஒரு சட்ட வழி இன்னும் தொறக்காமயே கெடக்கறது எனக்கு ரொம்ப வருத்தம். இருக்கறதுல நமக்கு எட்டற மாதிரி உள்ளது லோக் அதாலத்துதான்.

2023 ஆகஸ்ட்ல ஒரு நாள் போஸ்ட்மேன் வந்து ரெஜிஸ்டர் தபால்னு சொல்லி வீட்டம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் வேலை முடிஞ்சு வர்றப்ப அவ கவரைப் பிரிக்காம அரிசி டின் மேல வச்சுட்டு அது பக்கத்துலயே உக்காந்திருந்தா. அதுவரைக்கும் லோன் இருக்கறது தெரியும், கார்டு இவ்வளவு இருக்கறது அவளுக்குத் தெரியாது, டியூ நின்னதும் தெரியாது. வீட்டு முன்னாடி ஆளுக வந்தப்பகூட ஒரு மாசம் லேட்டாயிடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சிருந்தேன். மேல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுன்னு அச்சடிச்சிருந்ததைப் பாத்ததும் எனக்குக் கையெல்லாம் வேர்த்துப் போச்சு, சம்மன்தான், ஜெயிலுதான்னு முடிவே பண்ணிட்டேன். அவ வாங்கிப் பிரிச்சு ஒவ்வொரு வரியா வாய்விட்டுப் படிச்சா. படிச்சுட்டு, "ஏனுங்க, இதுல கேஸ் போட்டிருக்கறதா எங்கயும் எழுதலயே, கேஸ் போடறதுக்கு முன்னாடி வந்து பேசி முடிச்சுக்கோங்கன்னுதானே எழுதியிருக்கு"ன்னா. அப்புறம் எவ்வளவுன்னு கேட்டா. அத்தனையும் சொன்னேன், ரெண்டு கார்டு, ஆப்பு, மச்சான்கிட்ட வாங்குனது, அந்தப் பதினஞ்சாயிரம், எல்லாம். அவ அழுதா, நானும் அழுதேன், அதுக்கு மேல அது எங்க வீட்டு விஷயம்.

மறுநாள் லீவு போட்டுட்டு ரெண்டு பேரும் கோர்ட்டு வளாகத்துல இருக்கற சட்டப்பணிகள் ஆபீசுக்குப் போனோம். உள்ள போகவே கூச்சமா இருந்துச்சு, ஆனா அங்க உக்காந்திருந்தவங்க முகம் சுளிக்கல. 1987ல போட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்துல வந்ததுங்க இதெல்லாம். பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமயே இலவசமா வக்கீல் குடுப்பாங்க, எஸ்சி எஸ்டி மக்களுக்கும் இன்னும் சில பிரிவுக்காரங்களுக்கும் அப்படித்தான், மத்தவங்களுக்கு வருமான வரம்பு இருக்கு. போக முடியாதவங்க 15100னு ஒரு நம்பர் இருக்கு, நாடு முழுக்க அதே நம்பர்தான். அங்க ஒரு வக்கீலம்மா முக்கால் மணி நேரம் எங்ககூட உக்காந்து பேசுனாங்க. அவங்க சொன்னதுல எனக்கு உயிரா நிக்கறது சில விஷயம்.

லோக் அதாலத்துல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாத்தான் முடிவு, ஒத்துக்கலைன்னா எந்திரிச்சு வந்துடலாம், பேங்க் வழக்கம் போல கோர்ட்டுக்குப் போகும், அவ்வளவுதான். ஆனா ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டா அந்த உத்தரவு சிவில் கோர்ட்டு டிகிரிக்கு, அதாவது தீர்ப்புக்குச் சமம், அப்பீலே கெடையாது. பேங்க்கும் நாளைக்கு மாத்திப் பேச முடியாது, நீங்களும் முடியாது, கட்டாம விட்டீங்கன்னா அதை வச்சே நேரா எக்சிகியூஷன் (கோர்ட்டு மூலமா வசூல் பண்ற மனு) போடுவாங்க, அதனால கொறஞ்ச தொகைன்னு சந்தோஷப்பட்டு முடியாத தவணைக்குத் தலையாட்டிடாதீங்கன்னாங்க. இன்னொண்ணு, தவணைக்குன்னு தேதி போட்ட செக்கு கேட்டா குடுக்காதீங்க, ஆன்லைன்ல கட்டறேன்னு சொல்லுங்கன்னாங்க. கடன் கட்ட முடியலங்கறது சிவில் விஷயம், அதுக்கு ஜெயில் இல்ல, ஆனா செக்கு திரும்புனா 138ஆவது பிரிவு, அது கிரிமினல், ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, எதுக்கு இதுல இருந்து அதுக்குப் போறீங்கன்னு கேட்டாங்க. எனக்கு அந்த நிமிஷம் யாரோ தலைல தண்ணி ஊத்துன மாதிரி இருந்துச்சு.

மாசம் எவ்வளவு உங்களால முடியும்னு கேட்டாங்க. நான் பதினஞ்சாயிரம்னேன். வீட்டம்மா என்னைப் பாத்தா. அவங்க சிரிச்சுட்டு, வீட்டுக்குப் போய் ஒரு மாசச் செலவு முழுசா எழுதிட்டு அப்புறம் சொல்லுங்கன்னாங்க.

அந்த நோட்டு இன்னும் இருக்கு. மக பழைய லாங் சைஸ் நோட்டு, முன்னாடி பத்துப் பக்கம் அவளோட வாய்ப்பாடு, அதுக்கப்புறம் எங்க கணக்கு. வரவு, என் சம்பளம் 24,000, அவ பவர் டேபிள்ல தைக்கறது 9,500, மொத்தம் 33,500. செலவு, வாடகை 6,500, கரண்டும் தண்ணியும் 900, மளிகை காய்கறி 6,000 (ரேஷன் அரிசிதான்), பால் ஆவின் நீலப் பாக்கெட் தெனம் ரெண்டு 1,200, கேஸ் 950, அப்பா மருந்து 2,400, ஸ்கூலுக்கு 1,800, எனக்கு பஸ் 1,000, போன் 500. அவளுக்கு டவுன் பஸ் இலவசம், அதனால அந்த எடத்துல ஒரு கோடு. கூட்டிப் பாத்தா 21,250. மிச்சம் 12,250. நான் பதினஞ்சாயிரம்னு சொன்னது எங்க இருந்து வந்துச்சுன்னே எனக்குத் தெரியல, பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கேன், இத்தனை நாளும் எல்லா ஏஜென்டுகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். வக்கீலம்மா அந்தப் பக்கத்தைப் பாத்துட்டு, 12,250ஐயும் குடுக்காதீங்க, காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க, பத்தாயிரம்னு நில்லுங்கன்னாங்க.

பஸ்ஸுக்கு ஆயிரம்னு எழுதுனதுக்குக் காரணம் வண்டிய வித்துட்டேன். முன்பணம் ஏதாவது குடுத்தாத்தான் பேங்க் எறங்கி வரும்னாங்க, வீட்டம்மா தாலியோட இருந்த செயினைக் கழட்டுனா, நான் அதைத் தொடலைங்க, அடகு வச்சா அதுவும் கடன்தானே. வண்டிக்கு 32,000 கெடச்சுது.

2023 செப்டம்பர் 9, ரெண்டாவது சனிக்கிழமை, தேசிய லோக் அதாலத். வருஷத்துக்கு நாலு தடவை நாடு முழுக்க ஒரே நாள்ல நடக்கும். கோர்ட்டுன்னதும் கூண்டும் டவாலி கூப்பாடும்தான் மனசுல இருந்துச்சு, அங்க போய்ப் பாத்தா கல்யாண மண்டபத்துப் பந்தி மாதிரி வரிசையா மேசை, பிளாஸ்டிக் சேர், பேங்க் ஆபீசருங்க பைல் கட்டோட உக்காந்திருக்காங்க, ஆக்சிடென்ட்ல பையனைப் பறிகுடுத்த ஒரு அம்மா எனக்கு முன்னாடி வரிசைல போட்டோவை மடியில வச்சுட்டு இருந்தாங்க. எங்க மேசையில ஒரு ஜட்ஜம்மாவும் ஒரு வக்கீலும். யாரும் சத்தம் போடல. உக்காருங்கன்னு சொன்னாங்க. ஒம்பது மாசமா கடனைப் பத்தி என்கிட்ட பேசுன யாரும் அந்த வார்த்தையைச் சொல்லல.

பேங்க் கணக்குல பர்சனல் லோன் 3,12,000, கார்டு 2,19,000, ரெண்டும் ஒரே பேங்க், மொத்தம் 5,31,000. நான் டியூ கட்டறது நின்னப்ப லோன்ல அசல் பாக்கி 2,63,000தான், கார்டு 1,42,000. ஆபீசர் மொதல்ல, மூணு லட்சம் ஒரே தடவையா ஒரு மாசத்துல கட்டுனா முடிச்சுக்கலாம்னாரு. ஒரே தடவையா மூணு லட்சம் இருந்தா நான் எதுக்கு இங்க வரேன் சார்னு கேக்க நெனச்சேன், வார்த்தை வரல. வீட்டம்மாதான் நோட்டை எடுத்து ஜட்ஜம்மா முன்னாடி வச்சா. அவங்க வாய்ப்பாட்டுப் பக்கங்களைத் தள்ளிட்டு எங்க பக்கத்துக்கு வந்து மேல இருந்து விரலை வச்சுப் படிச்சாங்க. பால் கிட்ட வந்து நிறுத்தி, "ரெண்டு பாக்கெட்டா?"ன்னாங்க. "மாமனாருக்கும் பாப்பாவுக்குங்க, நாங்க கருப்பு டீதான்"னு இவ சொன்னா. அவங்க நோட்டை ஆபீசர் பக்கம் திருப்பி வச்சு, இவங்க கணக்கு இதுல இருக்கு, இதுக்கு மேல இவங்களால முடியாது, உங்க ஹெட் ஆபீசைக் கேட்டுச் சொல்லுங்கன்னாங்க.

அவரு வெளிய போய்ப் பேசிட்டு வந்தாரு. மறுபடியும் ஒரு தடவை போனாரு. எல்லாம் சேத்து ஒரு மணி நேரம் இருக்கும். கடைசியா லோனுக்கு 1,90,000, கார்டுக்கு 80,000, ஆக 2,70,000, முன்பணம் 30,000, மிச்சம் 2,40,000 மாசம் 10,000 வீதம் 24 தவணை, இடையில வட்டி ஏறாது, முடிஞ்சதும் நோ டியூ குடுக்கணும், நம்ம கடன் ரெக்கார்டை வச்சிருக்கற சிபில் மாதிரி கிரெடிட் பீரோவுக்கும் தெரிவிக்கணும். கடைசி ரெண்டையும் எழுதச் சொல்லிக் கேட்டது வக்கீலம்மா சொல்லி அனுப்புனதால. தமிழ்ல படிச்சுக் காட்டுனாங்க, ரெண்டு பக்கமும் கையெழுத்து, ஒரு காப்பி அங்கயே கைல. எங்களுக்கு ஒரு ரூபாய் செலவாகல. கோர்ட்டுல ஏற்கனவே கேஸ் நடந்துட்டு இருந்து இங்க முடிஞ்சா, கட்டுன கோர்ட் பீஸ்கூட திரும்பக் குடுத்துடுவாங்களாம்.

வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல நின்னப்ப எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. பாதிக் கடன் தள்ளுபடியானதுல வந்த நிம்மதி ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குப் பெருசாத் தெரிஞ்சது அந்தப் பேப்பர்ல இருந்த கடைசித் தேதி. 2025 செப்டம்பர். அதுவரைக்கும் என் கடனுக்கு முடிவுன்னு ஒரு நாளே இல்லாம இருந்துச்சு, எவ்வளவு கட்டுனாலும் அது அங்கயேதான் நின்னுச்சு. இப்ப காலண்டர்ல கை வச்சுக் காட்டலாம். மறுநாள்ல இருந்து அந்த பேங்க் சார்பா போன் வரல, ஒரே ஒரு தடவை ஒரு ஏஜென்ட் கூப்பிட்டான், உத்தரவு நம்பரைப் படிச்சேன், வச்சுட்டான்.

24 மாசமும் சொகமா போச்சுன்னு சொல்ல மாட்டேன். சம்பளம் அஞ்சாந்தேதி, பணம் ஆறாந்தேதி போயிடணும்னு வீட்டம்மா சட்டம் போட்டா, அவளே என் போன்ல இருந்து அனுப்பிட்டு ரசீதை பிரின்ட் எடுத்து நோட்டுல ஒட்டுவா. 2024 ஜூன்ல அப்பாவை மறுபடி அட்மிட் பண்ண வேண்டி வந்துச்சு, இந்தத் தடவை அரசு ஆஸ்பத்திரி, நல்லா பாத்துக்கிட்டாங்க, ஆனாலும் அந்த மாசம் பத்தாயிரம் இல்ல. பழைய ஆளா இருந்தா போனை ஆப் பண்ணியிருப்பேன். ஆறாந்தேதிக்கு முன்னாடியே பிராஞ்சுக்குப் போய், இன்ன காரணம், இந்த மாசம் 18ஆந்தேதி கட்டறேன்னு லெட்டர் எழுதிக் குடுத்து, இன்னொரு காப்பில சீல் வாங்கிட்டு வந்தேன். 18ஆந்தேதி கட்டுனேன். யாரும் ஒண்ணும் கேக்கல.

ரெண்டாவது கார்டு வேற பேங்க், அவங்க லோக் அதாலத்துக்கு வரல. ஏஜென்ட் ஒருத்தன் 40,000 என் ஜிபேக்கு அனுப்புங்க, நான் குளோஸ் பண்ணித் தரேன்னான். அனுப்பிடாதீங்க யாரும். பேங்க் லெட்டர்ஹெட்ல, கார்டு நம்பரோட, இவ்வளவு தொகைக்கு முழுசா முடிச்சுக்கறோம்னு எழுத்துல வந்தாத்தான் கட்டுவேன், அதுவும் கார்டு அக்கவுண்டுக்கேன்னு நின்னேன். நாலு மாசம் மெயில் போட்டு 45,000க்கு லெட்டர் வந்துச்சு, மூணு தவணை, 2024 தீபாவளி போனஸ் எங்க ரெண்டு பேருதும் அதுக்கே போச்சு. அந்த வருஷம் பாப்பாவுக்கு மட்டும் துணி எடுத்தோம்.

சிபில்ல என்ன ஆகும்னு கேப்பீங்க. மறைக்காம சொல்றேன், முழுசா கட்டி முடிச்சா குளோஸ்டுன்னு வரும், இப்படிக் கொறச்சுக் கட்டுனா செட்டில்டுன்னு வரும், அது நல்ல பேரு இல்ல. 2023 ஜூன்ல ரிசர்வ் பேங்க் போட்ட விதிப்படி இப்படி சமரசம் பண்ணிக்கிட்டவங்களுக்கு கொறஞ்சது 12 மாசம் கழிச்சுத்தான் அந்த பேங்க் புதுசா கடன் குடுக்க முடியும், மத்த பேங்க்கும் ரெக்கார்டைப் பாத்து யோசிக்கும். வீட்டு லோன் போட்டு அவிநாசிப் பக்கம் ரெண்டு சென்ட்ல சின்னதா ஒரு வீடு கட்டணும்னு எங்களுக்கு ஆசை இருந்துச்சு, அது தள்ளிப் போச்சு. முழு அசலையும் கட்ட சக்தி இருக்கறவங்க தவணையை நீட்டிக் கேட்டு முழுசாவே கட்டி குளோஸ்டு வாங்கறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன். எனக்கு அந்தச் சக்தி இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பீரோவுலயும் ரிப்போர்ட்டு இலவசமா எடுக்கலாம், முடிச்ச கடனை இன்னும் பாக்கின்னு காட்டுனா திருத்தச் சொல்லிக் கேளுங்க, 30 நாளைக்கு மேல இழுத்தா நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தரணும்னு இப்ப விதி இருக்கு.

எங்க யூனிட்ல கட்டிங்ல இருக்கற ஒரு தம்பிக்குப் போன வாரம் அதே மாதிரி கவர் வந்திருக்கு. டிசம்பர் லோக் அதாலத்துக்கு. பிரிக்காம பேன்ட் பாக்கெட்லயே நாலு நாள் வச்சுட்டு சுத்தியிருக்கான், மடிச்ச எடமெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு. கேன்டீன்ல உக்காந்து ரெண்டு பேருமா பிரிச்சுப் படிச்சோம். மாசம் இருபதாயிரம் கட்டிடுவேண்ணான்னு சொல்றான், சம்பளமே பத்தொம்பது. வர்ற ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன், சம்சாரத்தையும் கூட்டிட்டு வரணும்னு இவ கண்டிப்பா சொல்லிட்டா, ஒரு நோட்டும் வாங்கி வச்சிருக்கா, பால் கணக்குல இருந்து ஆரம்பிக்கலாம்னு.